பளிச்சு தேய்த்த பதினாறு தூண்கள்

துறைமுகத்தில் அவருக்குப் பெயர் பளிச்சு. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வாசலில் அட்டையை உரசிப் பார்க்கும் இயந்திரத்தைத் தவிர வேறு யாரும் அதைப் படித்ததில்லை.

கடலுக்குள் இறங்கித் தூண்களைச் சுரண்டுவது அவர் வேலை. படகுத்துறையைத் தாங்கிக்கொண்டு தண்ணீரில் நிற்கும் கான்கிரீட் தூண்களில் பாசி படியும், சிப்பி ஒட்டும், கடற்பஞ்சு தொங்கும், பெயர் தெரியாத கொழகொழப்புகள் எல்லாம் கேட்காமல் குடியேறும். அடியில் விரிசல் விட்டிருந்தால் பொறியாளர் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு துறையாக, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சுரண்டுவார்கள். மற்றவர்கள் விரிசல் தெரியும் அளவுக்குச் சுரண்டுவார்கள். பளிச்சு முகம் தெரியும் அளவுக்குச் சுரண்டுவார்.

ஒரு கையில் தண்ணீரைப் பீச்சியடிக்கும் துப்பாக்கி, இன்னொரு கையில் தட்டையான இரும்புச் சுரண்டி, தலையில் ஹெல்மெட். மூச்சுக்கான காற்று மேலேயிருந்து குழாய் வழியாக வரும். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பவரைக் கயிறு என்று கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இவர் கீழே, அவர் மேலே. பளிச்சு தேய்த்த தூணில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. யாரும் பார்த்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தண்ணீருக்கு அடியில் இறங்கிப் போய் யார் பார்ப்பார்கள்? அந்த ஒரு மனக்குறை அவருக்கு உண்டு. உருகி உருகிச் செய்த வேலையை ஒரு ஜீவன் பார்த்து 'அட' என்று சொன்னதில்லை.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் அவருடைய மச்சினி அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாயை விட்டாள்.

மச்சினி என்றால் மனைவியின் தங்கை. இரண்டு வருஷமாக இவர்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறாள். அறையில் கட்டிலைவிட வாளிகள் அதிகம். துறைமுகத்தில் மீன்குஞ்சுகளை எண்ணுவது அவள் வேலை. விளையாட்டு இல்லை, நிஜமாகவே அதற்காக ஓர் ஆராய்ச்சி நிலையம் அவளை அனுப்பியிருந்தது. பழைய படகுத்துறையின் பதினாறு தூண்களைச் சுற்றி வாரம் ஒரு முறை இறங்கி, விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளை வகை வகையாக எண்ணிக்கொண்டு வருவாள். கரையோரத்தில் புல்லும் பாறையும் இருந்த காலத்தில் குஞ்சுகள் அங்கே வளர்ந்தன. அதையெல்லாம் சுவர் கட்டி மூடியபிறகு, போக்கிடம் இல்லாமல் இந்தத் தூண்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்பது அவள் கண்டுபிடிப்பு.

இப்போது நிர்வாகத்துக்கு ஒரு புது யோசனை. எல்லாத் தூண்களுக்கும் வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டால் எதுவும் ஒட்டாது, தூணும் தேயாது. மச்சினி போய்ச் சண்டை போட்டாள். படம் காட்டினாள், எண்ணிக்கை காட்டினாள். இதை முடிவு செய்யும் குழுவில் ஒருவர், "படத்தை எந்தக் கடல்ல வேணும்னாலும் எடுக்கலாம்மா. நேர்ல காட்டுங்க, பார்த்துட்டு முடிவு பண்றோம்" என்று சொல்லிவிட்டார். குஞ்சுகளைக் கண்ணால் பார்த்தால் உறை கிடையாது. பார்க்காவிட்டால் உறை உண்டு, குஞ்சுகளும் இல்லை, எண்ணுவதற்கு ஆளும் வேண்டாம்.

"வியாழக்கிழமை வர்றாங்க மாமா," என்றாள் மச்சினி, சாப்பிட்டுக்கொண்டே. "கேமராவைத் தண்ணிக்குள்ள விட்டு ஆபீஸ்ல போட்டுக் காட்டணும். உங்க தூணைத்தான் பார்க்கப் போறாங்க."

பளிச்சுவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"எந்தத் தூண்?"

"பழைய துறைதான். வேற எது?"

"எவ்வளவு பெரிய திரை?"

"சுவர் அகலத்துக்கு இருக்கும்."

"எத்தனை பேர்?"

"மேலாளர், அப்புறம் குழு ஆளுங்க மூணு பேர். ஏன் மாமா, நீங்க எதுக்கு இப்படி வேர்க்கறீங்க?"

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் ஒரு பார்வையில் கூட்டிக் கழித்துவிடுவாள். அன்றைக்குப் பார்த்து அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பழைய துறையின் முறை வருவதற்கு இன்னும் நாலு மாசம் இருந்தது. அதாவது கடைசியாகச் சுரண்டி இருபது மாசம். தூண்கள் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று பளிச்சுவுக்குக் கண்ணை மூடினாலே தெரிந்தது. தாடியும் மீசையுமாக, அங்கங்கே சிப்பி வெடித்து, பார்க்கச் சகிக்காது. வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பெரிய மனிதர்கள் அவர் தூணைச் சுவர் அகலத்துக்குப் பார்க்கப் போகிறார்கள், அதுவும் இந்தக் கோலத்தில். அவர் மானம் போனால் போகட்டும், மச்சினிக்கு எவ்வளவு தலைகுனிவு? மீன் எண்ணுகிறவளின் அக்கா புருஷன் தூணை வைத்திருக்கும் அழகைப் பார் என்று சொல்ல மாட்டார்களா?

தொடாதே என்று அவள் சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொல்லவில்லைதான். இருபத்திரண்டு வருஷத்தில் பளிச்சு ஒரு நாள்கூடப் பட்டியலை மீறியதில்லை. அவருடைய பட்டியலை நம்பித்தான் அவள் காட்டப்போகும் இடத்தையே தேர்ந்தெடுத்தாள். காலண்டரிடம் போய், நாளைக்கே நாலு மாசம் தாண்டிக் குதித்துவிடாதே என்று யாராவது சொல்லி வைப்பார்களா?

பாசியிலும் சிப்பியிலும்தான் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன என்பதையும் அவள் இரண்டு வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார். மனைவியின் வீட்டார் பேசும்போது தலையாட்டுவது அவருக்குக் கைவந்த கலை. காதில் விழுந்ததெல்லாம் மீன், மீன், மீன் என்பது மட்டும்தான். மீன் தண்ணீரில் இருக்கிறது, அழுக்கு தூணில் இருக்கிறது, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டார்.

திங்கள்கிழமை விடிந்ததும் இறங்கினார். கயிறு பட்டியலை எடுத்துப் பார்த்தார், பளிச்சுவைப் பார்த்தார்.

"இதோட முறை இன்னும் வரலையே."

"விருந்தாளி வர்றாங்க. நீ குழாயைப் பிடி."

திங்கள் ஆறு தூண், செவ்வாய் ஆறு தூண். செவ்வாய் சாயந்திரம் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது, வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார். வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்த மச்சினி இன்னும் திரும்பவில்லை. நல்லதாகப் போயிற்று, திடீரென்று காட்டி அசத்தலாம் என்று நினைத்துக்கொண்டார். புதன் மத்தியானம் பதினாறாவது தூணை முடித்து, சுற்றி வந்து ஒரு முறை கையால் தடவிப் பார்த்தார். சிமெண்டு கைக்குச் சொரசொரவென்று சுத்தமாகப் பட்டது. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்து வைத்த திருப்தி.

மேலே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினால், கையில் கேமராப் பெட்டியோடு மச்சினி நின்றுகொண்டிருந்தாள். துறையைச் சுற்றி, பெயர்த்துப் போட்ட பாசியும் கடற்பஞ்சும் மிதந்துகொண்டிருந்தன. கயிறு ஏதோ முக்கியமான வேலை இருப்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை?" என்று கேட்டாள் மச்சினி.

"பதினாறும்," என்றார் பளிச்சு. அசத்தியாகிவிட்டது என்று எண்ணிப் புன்னகையை ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். அதில் ஈயாடவில்லை.

"எதுக்கு மாமா?"

"வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னா பெருக்கி வைக்க மாட்டோமா?"

அவள் அப்படியே கான்கிரீட்டில் உட்கார்ந்தாள். கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கத்தவில்லை. கேமராவை அதன் வயரைப் பிடித்து இறக்கி, சின்னத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பளபளவென்று ஒரு தூண், பக்கத்தில் இன்னொரு தூண், நடுவில் வெறும் தண்ணீர். எங்கேயோ போகிற ஒரு பெரிய மீன் எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை என்று போய்விட்டது.

"போன வாரம் இந்த ஒரு தூண்ல மட்டும் இருநூறு எண்ணினேன்," என்றாள். "அதுக்குள்ளதான் மாமா ஒளிஞ்சிக்கும். பெரிய மீன் வந்தா சிப்பி இடுக்குல போய் நுழையும், பாசிக்குள்ள இருக்கறதைப் பொறுக்கித் தின்னும். நீங்க வீட்டைப் பெருக்கலை. வீட்டையே பெருக்கித் தள்ளிட்டீங்க."

பளிச்சு சுரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சுரண்டும்போது சின்னச் சின்னதாக ஏதோ சிதறி ஓடுவதை அவர் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறார். வேடிக்கை பார்க்க வந்தவை என்று நினைத்திருந்தார். சுரண்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"வேற துறை?" என்று மெல்லக் கேட்டார்.

"எல்லாம் இந்த வருஷம் நீங்க முடிச்சதுதான். குஞ்சு வர அளவுக்கு எதுவும் வளரலை. நான் பார்க்காததா? எங்கேயாவது ஒரு மூலையையாவது நீங்க விட்டு வெச்சிருக்கலாம். இந்தத் துறைமுகத்துல உங்க கை படாத இடமே இல்லையே மாமா."

வேறு நாளாக இருந்தால் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு ஒரு வாரம் தூங்காமல் சந்தோஷப்பட்டிருப்பார். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். ஏனென்றால் அப்படி ஓர் இடம் இருந்தது.

அன்று மாலை மச்சினி முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டது. பளிச்சு சமையலறையில் கழுவிய தட்டையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார்.

"தட்டு தேஞ்சு போயிடும்," என்றாள் மனைவி. "மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

சொன்னார். தெற்குச் சுவரில் தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டு இருக்கிறது. அதற்கு அடியில், உடைந்த கான்கிரீட் பாளங்களைப் போட்டு நிரப்பிய ஒரு பொந்து. வாய் ஒன்றரைச் சாண் அகலம். கை போகும், ஹெல்மெட் போகாது. துப்பாக்கியைத் திருப்பவும் முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் மூன்று நாள் முட்டி மோதிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

"சரி, விட்டுட்டீங்க. அதுல என்ன இருக்கு?"

"படிவத்துல 'முழுவதும் முடிந்தது'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"எத்தனை தடவை?"

"எல்லாத் தடவையும்."

மனைவி கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். சத்தம் வெளியே போகக்கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அடுத்த வீட்டுக்காரர் காரில் தூசி இருந்தாலும் விரலால் கோடு போட்டுக் காட்டிவிட்டு வருகிற மனிதர் இவர்.

"சிரிக்காதே. மேலாளர் கேட்டா என்ன சொல்றது? அவங்கதான் அந்தப் படிவத்தை வாங்கறவங்க. பளிச்சு, பளிச்சுன்னு ஊரே கூப்பிடுது. நாளைக்கு என்னன்னு கூப்பிடுவாங்க?"

சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்: "உங்க பேர் போகும். அது போனாலும் நாலு நாள்ல வேற பேர் வெச்சிடுவாங்க. அவளுக்கு இது போனா போனதுதான். அந்தக் குஞ்சுங்களுக்கும்."

"அங்க மீன் இருக்கான்னே தெரியாதே. வெறும் குப்பையா இருந்தா? பேரும் போய், அவளுக்கும் ஒண்ணும் இல்லாமப் போனா?"

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் எதையும் செய்யணும்னா நான் உங்களைக் கல்யாணமே பண்ணியிருக்க மாட்டேன்," என்றாள் மனைவி, தட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு.

அவர் போய் முன்னறைக் கதவைத் தட்டினார். "நாளைக்குக் கேமராவை நான் எடுத்துட்டு இறங்கறேன்," என்றார் கதவைப் பார்த்து. "ஒரு இடம் இருக்கு. நான் கை வைக்காத இடம். உள்ள என்ன இருக்குன்னு சத்தியமாத் தெரியாது." வாளிகள் அடுக்குகிற சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் திரும்ப வரவில்லை என்பதைக் கவனித்துவிட்டுத்தான் படுக்கப் போனார்.

வியாழன் காலை பத்து மணி. பளிச்சு தண்ணீருக்குள் இருந்தார். அலுவலகத்தில் சுவர் அகலத் திரை. ஹெல்மெட்டுக்குள் பேசுகிற வசதி உண்டு என்பதால் அந்த அறையின் சத்தம் முழுவதும் அவர் காதுக்குள் இருந்தது. அவர் மூச்சு வாங்குவது அந்த அறை முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். திரையில் தெரிவது மட்டும் அவருக்குத் தெரியாது.

பழைய துறையை முதலில் காட்டச் சொன்னார்கள். காட்டினார், ஒவ்வொரு தூணாக.

"ரொம்ப நல்லா வெச்சிருக்காங்களே," என்றது ஓர் ஆண் குரல். "எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. வேலைன்னா இது வேலை."

இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. காதுக்குள்ளேயே வந்து சொல்கிறார்கள். பளிச்சுவுக்கு ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

"எல்லாம் சரி, மீன் எங்கேம்மா?" என்றது அதே குரல். "ஒண்ணுகூட இல்லையே. அப்ப உறையைப் போட்டுடலாம் இல்ல?"

"ஒரு நிமிஷம் இருங்க," என்றார் பளிச்சு. "இன்னொரு இடம் இருக்கு."

சுவரைத் தொட்டுக்கொண்டே தெற்குப் பக்கம் நகர்ந்தார். மேலே கயிறு ஒன்றும் கேட்காமல் குழாயைத் தளர்த்திக்கொண்டே கூட வந்தார். படிக்கட்டின் அடி வந்தது. முட்டி போட்டார். ஹெல்மெட் சிமெண்டில் இடித்தது, முதல் வருஷம் இடித்த அதே இடத்தில். கேமராவைக் குச்சியின் நுனியில் பொருத்தி, தோள் வரைக்கும் கையைப் பொந்துக்குள் விட்டார். முகம் சுவரில் அழுந்தியது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மூக்குக்கு முன்னால் ஒரு சாண் சிமெண்டு.

காதில் சத்தமே இல்லை.

குப்பைதான் போலிருக்கிறது என்று நினைத்தார். பாட்டில், கிழிந்த வலை, மூடி. எல்லாம் போயிற்று. அவசரப்பட்டுப் பேரையும் கெடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் வாழ்க்கையையும் கெடுத்தாயிற்று. மூச்சை மெல்ல விட்டார், அறையில் கேட்குமே என்று.

"இது எந்த இடம்?" மேலாளரின் குரல்.

"தெற்குப் படிக்கட்டுக்குக் கீழ மேடம்."

"இந்த இடத்தை யார் சுத்தம் பண்றது?"

ராத்திரி முழுக்க இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் தயார் செய்து வைத்திருந்தார். முன்னாடி இருந்தவர் விட்டுப் போனது என்று ஒன்று. நீரோட்டம் சரியில்லை என்று ஒன்று. மூன்றாவது அவருக்கே அப்போது மறந்துவிட்டது.

"நான்தான் பண்ணணும் மேடம். இருபத்திரண்டு வருஷமாப் பண்ணலை. தலை நுழையாது. முடிஞ்சதுன்னு கையெழுத்து மட்டும் போட்டுட்டு வந்திருக்கேன்."

நாற்காலி ஒன்று நகர்ந்தது. இன்னொன்றும் நகர்ந்தது. யாரோ எழுந்து திரைக்குப் பக்கத்தில் போகிறார்கள்.

"அது என்ன, ஓரமா, கோடு போட்ட மாதிரி?" என்றது அந்த ஆண் குரல், இப்போது தாழ்ந்து. "அசையுதே."

"அதோ அந்தப் பக்கம் பாருங்க. வெளிச்சம் விழுதே, அந்தப் படி இடுக்குல."

"ஐயோ, எவ்வளவு சின்னது."

"என்ன தெரியுது?" என்றார் பளிச்சு. "யாராவது சொல்லுங்களேன். எனக்குச் சுவர்தான் தெரியுது."

கை வலிக்க ஆரம்பித்தது. தோளைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று அசைந்தார்.

"மாமா, கையை ஆட்டாதீங்க," என்றாள் மச்சினி. "எண்ணிட்டிருக்கேன்."

அவர் ஆட்டவில்லை. முட்டியைச் சேற்றில் நன்றாக ஊன்றி, மற்றக் கையால் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள் வாய்விட்டு எண்ணினாள். ஐம்பதில் கை வலித்தது, நூற்றைம்பதில் மரத்துப் போனது, இருநூறுக்கு மேல் கை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்து, மேற்கொண்டு வரவில்லை. பிறகு, அவள் விட்ட இடத்திலிருந்து, மேலாளர் எண்ணத் தொடங்கினார்.